வாளிக்கை

எங்கள் வீட்டுக் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும். எண்ணெய் விடுங்கோ என்று கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நாளைக்கு என்பார். அந்த நாளையில் கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு, நீண்ட மரத்தைச் சாய்த்து அள்ளும் துலாக்கிணறுதான். என் மாமனார் மட்டும் புதுமை செய்கிறேன் பேர்வழி என்று கிணற்றின் இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, குறுக்கே மரம் போட்டு, கப்பியைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் தண்ணீர் அள்ளினால் நாலு வீட்டு வளவுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே ஊர் என் உடம்பைக் கணக்குப் பார்க்கும் ஒரு காலம் வரும் என்று யார் கண்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெங்காயமும் மிளகாயும் நன்றாகச் செய்த காலம். வலது தோளுக்குப் பின்னால் ஒரு நோவு எனக்கு வந்து வந்து போனது. வெங்காயப் பிடி கட்டித் தூக்கின நோவு என்று நினைத்தேன். முறிவு எண்ணெய் பூசினோம், ஒத்தடம் பிடித்தோம். எண்ணெய் தேய்த்துவிட்டவ என் மச்சாள், அதாவது என் கணவரின் தமக்கை. புருசன் செத்தபிறகு எங்கள் வளவிலேயே சின்ன வீடு போட்டு இருந்தவ. அவவின் கைதான் முதலில் அந்தக் கட்டியைக் கண்டது. தேய்த்துக்கொண்டிருந்த கை ஓரிடத்தில் நின்றது. "பிள்ளை, இதிலை என்னவோ கிடக்கு" என்றா.

யாழ்ப்பாணத்தில் பார்த்தார்கள், பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தமிழ் டொக்டர் என் கணவரைப் பார்த்து, "எலும்பிலை புற்று" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வருத்தக்காரி நான், செய்தி அவருக்கு. எனக்கு வந்த கோபத்தில் பயப்படக்கூட மறந்துபோனேன். ஊரில் அந்தச் சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. எல்லோருக்கும் அது "அந்த வருத்தம்". சொன்னால் கூப்பிட்டதாகிவிடும் என்ற பயம்.

தோள்பட்டை எலும்பில் கீழ்ப்பாதியை வெட்டி எடுத்தார்கள். செட்டை எலும்பு என்று எங்கள் வீட்டில் சொல்லும் எலும்பு. எனக்கு நினைவு திரும்பியபோது முதலில் தேடியது என் வலது கையைத்தான். துணியில் சுற்றி நெஞ்சோடு கட்டப்பட்டுக் கிடந்தது. விரலை ஆட்டினேன், ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. பிறந்ததிலிருந்து என்னோடு இருந்த விரல்கள், அன்றைக்குத்தான் அவற்றை முதல்முதல் பார்ப்பதுபோல் இருந்தது.

டொக்டர் இம்முறை என்னோடுதான் கதைத்தார். "எடுக்க வேண்டியதை எடுத்திட்டம். கை மிஞ்சியிருக்கு. இனி அதை எழுப்பிறது உங்கடை வேலை, அம்மா. வீட்டிலை நெடுகப் பயிற்சி செய்யவேணும். சும்மா விட்டால் உள்ளுக்கை இறுகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் பிறகு எழும்பாது." அந்த வருத்தம் திரும்பி வருமா என்று கேட்டேன். "அது எங்கடை கையிலை இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் சொல்லலாம்" என்றார். ஆக, திரும்பி வரக்கூடியவை இரண்டு என்று ஆயிற்று: ஒன்று வரவே கூடாது, மற்றது வந்தே ஆகவேண்டும்.

வந்தே ஆகவேண்டும் என்று நான் ஏன் அப்படி அடம்பிடித்தேன் என்றால், குளிப்புக்காக. சிரிப்பாய்த்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் குளிப்பென்றால் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு நின்று, வாளியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்ப்பது. இடது கையால் செம்பில் அள்ளி ஊற்றினால் தலை நனையும், அவ்வளவுதான், அது குளிப்பாகாது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு என்னைக் கிணற்றடியில் ஒரு கல்லில் இருத்தி மச்சாள் ஊற்றினா. எனக்கும் அவவுக்கும் ஓர் உறைக்குள் இரண்டு கத்தி என்ற உறவு. என் குழம்பில் புளி கூட என்பா, அவவின் வாயில் உப்புக் கூட என்பேன். அப்படிப்பட்டவவுக்கு முன்னால் குனிந்து இருந்து, மாட்டுக்கு ஊற்றுவதுபோல் அவ சளார் சளார் என்று ஊற்ற, வாயைப் பொத்திக்கொண்டு குளிப்பது எனக்கு வெட்டின இடத்தைவிடக் கூட நொந்தது. சாகும்வரைக்கும் இந்தக் கல்லில்தானோ என்று நினைத்தால் ஊற்றுகிற தண்ணீரோடு தண்ணீராகக் கண்ணீரும் போகும்.

என் முதுகில் உள்ள தழும்பை நான் ஒருநாளும் கண்டதில்லை. எட்டிப் பார்க்க முடியாத இடம். தினமும் பார்த்தவ மச்சாள்தான். "என்ன மாதிரிக் கிடக்கு மச்சாள்?" என்று ஒருநாள் கேட்டேன். "வரம்பு கட்டின மாதிரிக் கிடக்கு. கட்டினவன் நல்லாத்தான் கட்டியிருக்கிறான்" என்றா.

பயிற்சிக்கு வருவோம். ஆஸ்பத்திரியால் வெளிக்கிடும் அன்றைக்கு ஒரு சிங்கள மிசி வந்து செய்து காட்டினா. பயிற்சி கொடுக்கவென்றே படித்தவ. கொஞ்சம் கொஞ்சம் தமிழ் தெரியும். எனக்கு மருந்து மயக்கம், பாதி காதில் ஏறவில்லை. என் கணவருக்கு ஸ்டேசனுக்குப் போய்க் கோச்சி பிடிக்க நேரமாகிவிட்டது என்ற அந்தரம். அவர் காதில் விழுந்தது இரண்டு சொல்: கப்பி, கயிறு. "எங்கடை வீட்டிலை கப்பி கிடக்கு!" என்று அவர் சொன்ன சந்தோசத்தைப் பார்த்து அந்த மிசியும் சிரித்தா. தன் தகப்பனின் புதுமைக்கு ஒரு பயன் வந்ததே என்று கோச்சியில் வரும் வழியெல்லாம் அவர் பூரித்துக்கொண்டு வந்தார்.

தோட்டக்காரனுக்குக் கப்பி என்றால் என்ன? ஒரு பக்கம் வாளி, மறுபக்கம் ஆள். ஆள் இழுப்பான், வாளி வரும். நோயாளிக் கைக்குப் பலம் வரவேண்டும் என்றால் நோயாளிக் கைதானே இழுக்கவேண்டும்! அவரும் அப்படியே நினைத்தார், நானும் அப்படியே நினைத்தேன், எங்களை வேலிக்கு மேலால் பார்த்த ஊரும் அப்படியே நினைத்தது. கயிற்றின் ஒரு நுனியில் சின்ன வாளியைக் கட்டி, மறு நுனியை என் வலது கையில் தந்தார். கை எழும்பாதபடியால் நெஞ்சு மட்டத்தில் பிடித்துக் கீழே இழுத்தேன். பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் காலைப் பூசை மணி அடித்ததும் இழுக்கத் தொடங்குவேன், அந்திப் பூசைக்குத் திரும்பவும். உயிர் போகிற நோவு. கப்பி கிறீச்சென்று கத்தும், நான் பல்லைக் கடிப்பேன். ஒழுங்கையால் போகிறவர்கள், "உது அவதான். விடமாட்டா. வைராக்கியக்காரி" என்று சொல்லிக்கொண்டு போவது கேட்கும். அது எனக்கு மருந்தை விட இனித்தது. எறும்பூரக் கல்லும் தேயும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் வாளி இலேசாகியதும், கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

தேய்ந்தது கல் அல்ல. ஒருநாள் குளிக்க வார்க்கும்போது மச்சாளின் கை என் முதுகில் நின்றுவிட்டது. முன்பு கட்டியைக் கண்டபோது நின்றதே, அதேமாதிரி. தழும்புக்குப் பக்கத்தில் வீங்கியிருந்தது. மிச்சத் தண்ணீரை மெதுவாக, பூவுக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினா. மச்சாள் சளார் என்று ஊற்றும்வரை நான் பிழைப்பேன் என்று அவ நினைக்கிறா என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

திரும்பவும் கொழும்பு. என் கணவர் கோச்சியில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நான் எங்கள் பிள்ளைகளை யார் தலை வாரி இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்புவது என்று யோசித்துக்கொண்டு போனேன். மச்சாள் இழுத்தால் பின்னல் இறுகி அழுவார்கள். செத்தபிறகு நடப்பதை எல்லாம் ஒழுங்குபடுத்தி முடித்தபோது அனுராதபுரம் தாண்டியிருந்தது.

படம் எடுத்தார்கள். காக்க வைத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வீக்கத்தை அமத்திப் பார்த்தார். பிறகு, "அது இல்லை" என்றார். அந்த இரண்டு சொல்லைப்போல் ஒரு தேவாரம் நான் கேட்டதில்லை. "ஆனால் சதை நல்லா அடிபட்டிருக்கு. என்ன செய்தனீங்கள்?" நான் பெருமையோடு சொன்னேன்: கப்பி, வாளி, தண்ணீர், எல்லாம். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மிசியைக் கூப்பிட்டார்.

மிசி தன்னுடைய அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே மேலே ஒரு சின்னக் கப்பி, அதில் கயிறு. "காட்டுங்க" என்றா. நான் வலது கையால் பிடித்து இழுத்தேன். மிசி தலையில் கை வைத்தா. "அனே அம்மா! வேணாம், வேணாம்!" ஓடிவந்து கயிற்றைப் பறித்தா. பிறகு இரண்டு நுனியையும் என் இரண்டு கையிலும் தந்தா. என் வலது கையைத் தொட்டு, "இந்தக் கை வாளி" என்றா. இடது கையைத் தொட்டு, "இந்தக் கை மனுசன். மனுசன் இழுக்க, வாளி மேலே. வாளி வேலை செய்யுறதா? வாளி சும்மா."

என் கணவரை நான் பார்த்தேன். அவர் கப்பியைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாகக் கிணற்றோடு வாழ்ந்த குடும்பம், ஆள் யார் வாளி யார் என்று தெரியாமல் போனதே!

இடது கையைக் கீழே இழுத்தேன். வலது கை எழும்பியது. நெஞ்சு, கழுத்து, வாய்க்குக் கீழே நாடி. அங்கே நின்றது. நொந்தது, ஆனால் அந்தப் பழைய நோவல்ல. வெட்டிய பிறகு என் நாடிக்கு நேராக என் வலது கையை நான் கண்டது அன்றுதான். ஒருவரும் தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை, ஆனாலும் எழும்பி வந்து என் முகத்துக்கு முன்னால் நின்றது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன். மிசி அந்தச் சொல்லுக்கும் சிரித்தா.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு புதுக் கப்பி வாங்கி வெங்காயக் கொட்டிலில் கட்டினார். கூரை வளையில் வரிசையாக வெங்காயப் பிடிகள் தொங்கும், அவற்றுக்கு நடுவே கப்பி. கட்டிய கையோடு எண்ணெயும் விட்டார். இத்தனை வருசம் கேட்டும் விடாத எண்ணெய்! அதனால் வந்த வினையைக் கேளுங்கள். கொழும்பால் வந்தாயிற்று, பூசை மணியோடு கேட்கும் கப்பிச் சத்தத்தைக் காணவில்லை. அவ படுத்த படுக்கை, கடைசி நிலை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஒவ்வொருவராகத் தோடம்பழமும் கையுமாக வருத்தம் பார்க்க வரத் தொடங்கினார்கள். கொட்டிலுக்குள் கயிறும் கையுமாக நிற்கும் என்னைக் கண்டு சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. "கிணற்றடிக் கப்பிக்கும் எண்ணெய் விடட்டோ?" என்று அவர் கேட்டார். "விடாதேங்கோ. நான் உயிரோடை இருக்கிறதுக்கு அது ஒண்டுதான் சாட்சி" என்றேன்.

வாளியாக இருப்பது இலேசு என்றுதான் நினைத்தேன். சும்மா இருப்பதுதானே. ஆனால் என் வலது கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. மாவிடித்த கை, கொத்திய கை, அள்ளிய கை. இடது கை இழுக்க, இது தானும் ஒத்தாசை செய்கிறேன் என்று விறைக்கும், உடனே நோகும். விடு, விடு என்று அதற்குச் சொல்வேன். ஒரு பிள்ளையிடம் சொல்வதுபோல் வாய்விட்டுத்தான் சொல்வேன். ஒருநாள், நினைக்காத நேரத்தில், விட்டது. பாரம் முழுவதையும் கயிற்றில் போட்டது. அந்த நேரம் அது நெற்றியைத் தாண்டிப் போயிற்று.

அதைவிட எனக்கு அதிசயமாக இருந்தது இடது கை. பீச்சங்கை என்று ஒதுக்கிவைத்த கை. அதனால் கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது, திருநீறு பூசக்கூடாது. ஒரு நல்ல காரியத்துக்கும் முன்னுக்கு வரவிடாத கை. அது ஒரு முறைப்பாடும் இல்லாமல் தன் பெரிய சகோதரியைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. அதற்கு இவ்வளவு பொறுமை எங்கே இருந்தது என்று நான் நின்று பார்ப்பேன். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருக்கும். ஒருமுறை ஒற்றியும் கொண்டேன், ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

என் கணவருக்கு இந்த வாளி விசயம் பகிடியாகிவிட்டது. தோட்டத்தால் வந்து காலைக் கழுவும்போதே, "இஞ்சரும், உம்மடை வாளிக்கை எப்பிடிப் போகுது?" என்பார். வாழ்க்கை என்றுதான் முதலில் என் காதில் விழுந்தது. "வாழ்க்கைக்கு என்ன குறை, நீங்கள் எண்ணெய் விட்டபிறகு வழுக்கிக்கொண்டு போகுது" என்பேன். பிள்ளைகளும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பயிற்சிக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்.

நாட்கள் போயின. எல்லா நாளும் ஒரே நாள் போலத்தான். மணி அடிக்கும், கொட்டிலுக்குப் போவேன், வெங்காய மணத்துக்குள் நின்று இழுப்பேன். மாரி வந்தது. குளிருக்குத் தோள் கல்லாகி, நேற்று எட்டிய இடம் இன்றைக்கு எட்டாது. அப்படிப்பட்ட நாட்களில் கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுப் படுக்கலாம் என்று வரும். மச்சாள் தேத்தண்ணீரோடு வந்து கொட்டில் வாசலில் குந்துவா. ஒருநாளும் நல்லாய்ச் செய்கிறாய் என்று சொன்னதில்லை. "ஏன் நிப்பாட்டிப் போட்டாய்? மணி இன்னும் ஓயேல்லை" என்பா. அந்தக் கோபத்திலேயே இன்னும் நாலு தரம் இழுப்பேன். என் கை நாடியில் நின்றதும், நெற்றிக்கு வந்ததும், தலையுச்சியைத் தொட்டதும் அவவுக்குத் தெரியும். தலைக்கு மேலே தொங்கும் வெங்காயப் பிடிதான் இனி எல்லை. அதை மட்டும் எட்டவில்லை. குளிக்கிற வாளியும் அந்த உயரத்துக்குத்தான் போகவேண்டும்.

தைப்பொங்கல் கழிந்து வெயில் திரும்பிய ஒரு காலை. மணி அடித்தது. வழக்கம்போல் இடது கையைக் கீழே இழுத்தேன். இழுத்த கை சட்டென்று வெறுமையாய்ப் போயிற்று. கயிறு தொய்ந்தது.

கிணற்றில் கயிறு தொய்ந்தால் என்ன என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாளி கழன்று விழுந்துவிட்டது. மேலே முடிச்சு அவிழ்ந்ததோ, கயிறு அறுந்ததோ என்று நினைத்தேன். கை விழப்போகிறது, விழுந்தால் தோள் என்னாகும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றும் விழவில்லை. விரல்களில் ஏதோ சரசரத்தது. கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தேன்.

என் வலது கை வெங்காயங்களுக்குள் நின்றது. கயிறு அதற்கும் கப்பிக்கும் நடுவில் வளைந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் இழுக்கவில்லை. கூரை ஓலைக்குள்ளால் வந்த வெயில் என் விரல்களில் விழுந்தது. காய்ந்த வெங்காயத் தோல் ஒன்று உதிர்ந்து என் முகத்தில் விழுந்தது. பாதி எலும்பை வெட்டி எறிந்த தோள் அது. எதைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பலத்தில் அது அந்தக் கையை அங்கே வைத்திருக்கிறது? கண்ணீர் காதுக்குள் ஓடியது.

வாசலில் தேத்தண்ணீரோடு வந்த மச்சாள் தொய்ந்த கயிற்றைத்தான் முதலில் கண்டா. "ஐயோ, கயிறு அறுந்திட்டுதோ?"

"இல்லை மச்சாள்" என்றேன். "வாளி தானாய் வருது."

அவ மேலே பார்த்தா. தேத்தண்ணீரைக் கீழே வைத்தா. வைத்த இடம் சரிவு, அது கவிழ்ந்து ஓடியது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

மறுநாள் கிணற்றடியில் அவ வழக்கம்போல் வாளியில் அள்ளிக்கொண்டு என் கல்லடிக்கு வந்தா. "தாருங்கோ" என்றேன். அரை வாளித் தண்ணீர்தான். இரண்டு கையாலும் பிடித்து, தூக்கி, தலைக்கு மேலே கொண்டுபோய்க் கவிழ்த்தேன். கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு குளிர் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. மூச்சு நின்று வந்தது. சிரித்தேன், கத்தினேன், இன்னும் ஒன்று அள்ளி ஊற்றினேன். கப்பி கிறீச்சிட்டு நாலு வளவுக்கும் சொல்லியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மச்சாள் தூணோடு நின்றா. இத்தனை மாதம் ஒருநாள் தவறாமல் எனக்கு வார்த்தவ. கையில் வாளி இல்லை. அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டா. ஈரமே இல்லாத கைகளை.

நான் போய்ப் பழைய கல்லில் இருந்தேன்.

"மச்சாள், முதுகுப் பக்கம் எனக்கு எட்டாது. நீங்கள் ஊத்துங்கோ."

எட்டும். அவவுக்கும் அது தெரியும். "உனக்கு என்னதான் ஒழுங்காய்ச் செய்ய ஏலும்" என்று புறுபுறுத்துக்கொண்டு வந்து, வாளி நிறைய அள்ளி, சளார் என்று ஊற்றினா.